கையொப்பம் இடாத அரசி



ஐரோப்பாவின் தென்மேற்கு மூலையில் ஸ்பெயின் என்னும் நாடு இருக்கிறது. அந்நாட்டுச் சரித்திரத்தில் ‘பைத்தியக்கார ஹுவானா’ என்ற பெயரோடு ஓர் அரசி இருக்கிறார். அரசர்களுக்கு ‘மகா’ என்றும் ‘வீர’ என்றும் அடைமொழி கொடுத்த சரித்திரம், இந்தப் பெண்மணிக்கு மட்டும் இப்படி ஒரு பட்டத்தைச் சூட்டிவிட்டது. சட்டப்படி அவர் ஐம்பது ஆண்டுகள் அரசி. அவற்றில் நாற்பத்தாறு ஆண்டுகளை ஓர் அரண்மனைக்குள் அடைபட்டுக் கழித்தார். அவரை அடைத்தவர்கள் பகைவர்கள் அல்லர். முதலில் பெற்ற தந்தை, பிறகு பெற்ற மகன்.

ஹுவானா 1479-ஆம் ஆண்டு நவம்பர் 6-ஆம் நாள் தொலேதோ நகரில் பிறந்தார். தாயார் காஸ்டைல் நாட்டு அரசி இசபெல்லா. தந்தை பக்கத்து அரகான் நாட்டு அரசர் பெர்டினாண்டு. கொலம்பஸைக் கப்பலேற்றி அனுப்பிய அதே தம்பதியர்தாம். இரு நாடுகளும் இவர்கள் திருமணத்தால் ஒன்றை ஒன்று நெருங்கின. ஆனால் காஸ்டைல் தாயாரின் சொத்து, அரகான் தந்தையின் சொத்து. இந்த வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கதையின் முடிச்சே அங்கேதான் இருக்கிறது.

ஹுவானா மூன்றாவது குழந்தை. அவருக்கு முன்னால் ஓர் அக்காளும் ஓர் அண்ணனும் இருந்தார்கள். ஆகவே நாடாள்வார் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. ஆனாலும் நன்றாகப் படிக்க வைத்தார்கள். லத்தீன் மொழி தெரியும், இசைக்கருவிகள் வாசிப்பார். 1496-இல், பதினாறு வயதில், பெரிய கப்பற்படையோடு வடக்கே அனுப்பி வைத்தார்கள். இன்று பெல்ஜியம், நெதர்லாந்து என்று சொல்லப்படும் பகுதிகளுக்குத் தலைவராக இருந்த இளவரசர் பிலிப்பை அவர் அங்கே மணந்துகொண்டார். ‘அழகன்’ பிலிப் என்று அவருக்குப் பெயர். அழகு இருந்தது, குணம் அந்த அளவுக்கு இல்லை. மனைவிக்கென்று ஒப்புக்கொண்ட பணத்தை ஒழுங்காகக் கொடுக்கவில்லை. கூட வந்த ஸ்பானியப் பணியாளர்கள் சம்பளமின்றித் தவித்தார்கள். பிற பெண்களோடு கணவருக்கு இருந்த தொடர்பும் ஹுவானாவின் காதுக்கு எட்டியது. புகுந்த வீட்டில் கையில் காசில்லாமல், தம் ஆட்கள் என்று சொல்ல யாருமில்லாமல் நிற்கும் பெண்ணின் நிலைமையை நான் விவரிக்க வேண்டியதில்லை. அவர் அழுதார், சண்டை போட்டார், பட்டினி கிடந்தார். ‘பைத்தியம்’ என்ற சொல் அங்கேதான் முளைவிட்டது.

இதற்கிடையில் ஸ்பெயினில் சாவுக்கு மேல் சாவு. 1497-இல் அண்ணன் இறந்தார். 1498-இல் அக்காள் பிரசவத்தில் இறந்தார். அக்காளின் கைக்குழந்தையும் 1500-இல், இரண்டு வயது நிரம்புமுன், போய்விட்டது. யாரும் எண்ணியிராத ஹுவானா, காஸ்டைல் முடிக்கு வாரிசானார். காஸ்டைலில் பெண் முடிசூடிக்கொள்ளச் சட்டம் இடம் கொடுத்தது. அவருடைய தாயாரே அதற்குச் சாட்சி.

1502-இல் கணவனும் மனைவியும் ஸ்பெயின் வந்து வாரிசுப் பிரமாணம் பெற்றார்கள். பிலிப் சீக்கிரமே ஊர் திரும்பிவிட்டார். கர்ப்பமாக இருந்த ஹுவானாவைத் தாயார் நிறுத்திக்கொண்டார். குழந்தை பிறந்த பிறகும் விடவில்லை. கணவரிடமும் மற்றப் பிள்ளைகளிடமும் போக வேண்டும் என்று கேட்டுக் கேட்டு அலுத்த ஹுவானா, 1503 நவம்பரில் மெதினா தெல் காம்போ என்ற ஊரின் கோட்டையிலிருந்து புறப்படத் துணிந்தார். வாயிற்பாலத்தைத் தூக்கிவிட்டார்கள். அவர் உள்ளே திரும்ப மறுத்து, குளிர்காற்றில் வாயிலிலேயே கிடந்தார். நோயாளியான தாயார் வந்து சமாதானம் செய்யும்படி ஆயிற்று. மறு ஆண்டுதான் கப்பலேற விட்டார்கள்.

1504 நவம்பர் 26-ஆம் நாள் தாயார் இசபெல்லா காலமானார். ஹுவானா காஸ்டைல் அரசி என்று அறிவிக்கப்பட்டார். ஆனால் தாயாரின் உயிலில் ஒரு வாசகம் இருந்தது. மகள் நாட்டில் இல்லாவிட்டால், அல்லது ஆள விரும்பாவிட்டால், அல்லது ஆள இயலாவிட்டால், தந்தை பெர்டினாண்டு பொறுப்பேற்கலாம். தாயார் நல்லெண்ணத்தோடுதான் எழுதியிருப்பார். ஆனால் அந்த ‘இயலாவிட்டால்’ என்ற ஒரு சொல்லின் மேல் தந்தையும் கணவரும் பாய்ந்தார்கள். மகளுக்கு இயலாது என்று ஆனால் தந்தைக்கு நாடு கிடைக்கும். மனைவிக்கு இயலாது என்று ஆனால் கணவருக்கு நாடு கிடைக்கும்.

1506 ஜூன் 27-இல் நடந்ததைக் கேளுங்கள். வில்லாபாபிலா என்ற ஊரில் பெர்டினாண்டு ஓர் உடன்பாட்டில் கையெழுத்திட்டார். ஹுவானா ஆளத் தகுதியற்றவர், அவரை ஒதுக்கிவைக்க மாமனாரும் மருமகனும் சம்மதிக்கிறார்கள் என்பது அதன் சாரம். அதே நாளில் பெர்டினாண்டு இரகசியமாக இன்னொரு தாளிலும் கையெழுத்திட்டார்: ‘நான் நிர்ப்பந்தத்தால் சம்மதித்தேன், என் மகள் கணவனிடம் சிறைப்பட்டிருக்கிறாள்’ என்பது அதன் கருத்து. ஒரே நாள், ஒரே தந்தை, ஒரே மகள். காலையில் பைத்தியம், மாலையில் கைதி!

பிலிப் அடுத்த மாதமே வல்லதோலித் நகரில் கூடிய மக்கள் சபையைக் கொண்டு மனைவியைத் தகுதியற்றவர் என்று அறிவிக்க முயன்றார். அதற்குமுன் காஸ்டைலின் பெரும் பிரபுக்களில் ஒருவர் ஹுவானாவை நேரில் கண்டு நெடுநேரம் உரையாடினார். ஒழுங்கற்ற பதில் ஒன்றைக்கூட அவர் வாயிலிருந்து தாம் கேட்கவில்லை என்று அந்தப் பிரபு சொல்லிவிட்டார். சபையும் ஹுவானாவையே தன் அரசி என்று பிரமாணம் செய்தது.

இரண்டு மாதம் கடந்தது. செப்டம்பர் 25-ஆம் நாள், இருபத்தெட்டு வயதில், பிலிப் திடீரென்று நோயுற்று இறந்துபோனார்.

இனி வருவது எல்லாரும் சொல்லும் கதை. கணவரின் சவப்பெட்டியை எடுத்துக்கொண்டு, இரவில் தீவட்டி வெளிச்சத்தில், நிறைமாதக் கர்ப்பிணியான அரசி ஊர் ஊராய் நடந்தார் என்பார்கள். பெட்டியைத் திறந்து திறந்து பார்த்தார் என்பார்கள். ஓவியர்கள் இந்தக் காட்சியை வரைந்து புகழ் பெற்றார்கள். இதில் உண்மை எவ்வளவு, கூட்டிச் சொன்னது எவ்வளவு என்று பிரிப்பது கடினம். ஆனால் இரண்டு செய்திகளை அந்த ஓவியங்கள் காட்டுவதில்லை. ஒன்று: தெற்கே கிரனாதா நகரில் தம்மை அடக்கம் செய்ய வேண்டும் என்பது பிலிப்பின் விருப்பம், இசபெல்லா அரசியார் அடங்கியதும் அங்கேதான். தந்தையை அங்கே அடக்கம் செய்தால் மகனின் உரிமை வலுக்கும். இரண்டு: அந்த டிசம்பர் மாதத்திலேயே அரசி ஓர் ஆணை பிறப்பித்தார். கணவர் தம் ஆட்களுக்கு அள்ளிக்கொடுத்த மானியங்கள் அத்தனையும் ரத்து! சித்தம் கலங்கியவர் செய்யும் காரியமா இது?

1507 ஜனவரியில், வழியில் தொர்க்கேமாதா என்ற சிற்றூரில், கடைசி மகள் கத்தலீனா பிறந்தாள். அவ்வாண்டே தந்தை திரும்பி வந்து ஆட்சியைக் கையில் எடுத்துக்கொண்டார். 1509-இல் மகளைத் தோர்தேசியாஸ் என்ற ஊரின் அரண்மனைக்குக் கொண்டுபோய் வைத்தார். அப்போது ஹுவானாவுக்கு வயது இருபத்தொன்பது.

நம் நாட்டுச் சரித்திரம் படித்த பிள்ளைகள் இந்த ஊர்ப் பெயரைக் கேட்டிருக்கலாம். 1494-இல் இதே தோர்தேசியாஸில்தான் ஸ்பெயினும் போர்ச்சுக்கலும் புதிதாகக் காணும் நாடுகளைத் தங்களுக்குள் பங்கு போட்டுக்கொண்டன. கிழக்குக் கடல்வழி போர்ச்சுக்கலின் பங்காயிற்று. பதினேழு ஆண்டுகளில் மலாக்கா அவர்கள் கையில் விழுந்தது.

1516 ஜனவரியில் பெர்டினாண்டு இறந்தார். மூத்த மகன் சார்ல்ஸ், வடக்கே அத்தையின் வீட்டில் வளர்ந்தவர், தாயோடு சேர்ந்து தாமும் அரசர் என்று அறிவித்துக்கொண்டார். தாயைத் தள்ளிவிட்டு ஆளச் சட்டம் இல்லை. ஆகவே ஆணைகளில் தாயின் பெயர் முன்னாலும் மகனின் பெயர் பின்னாலும் எழுதினார்கள். பின்னாளில் மெக்சிக்கோவில் அடித்த வெள்ளிக் காசிலும் இருவர் பெயரும் உண்டு. காசு கடல் கடந்து உலகமெல்லாம் போயிற்று. காசில் பெயர் உள்ளவர் வீட்டு வாசலைத் தாண்ட முடியவில்லை.

தாயைக் காக்க என்று சார்ல்ஸ் நியமித்த தேனியா பிரபு, பெர்டினாண்டு இன்னும் உயிரோடிருப்பதாகவே அரசியிடம் பேசிவந்தார். தந்தையின் கட்டளை என்று சொன்னால் மகள் அடங்கியிருப்பாள் அல்லவா? செத்தவருக்குக் கடிதம் எழுதும்படிகூட அவரைத் தூண்டினார்கள். சிறுமி கத்தலீனாவின் அறைக்குத் தாயின் அறை வழியாகத்தான் போகமுடியும். அவளுக்காகச் சுவரில் ஒரு சன்னல் திறந்து கொடுத்தார்கள். வெளியே விளையாடும் பிள்ளைகள் போய்விடாமல் இருக்க, அரசகுமாரி அதன் வழியே காசு எறிவாளாம். 1518-இல் சார்ல்ஸ் தங்கையை இரகசியமாக வெளியே எடுத்துப்போனார். தாய் அன்ன ஆகாரத்தை நிறுத்திவிட்டார். வேறு வழியின்றிப் பிள்ளையைத் திருப்பி அனுப்பினார்கள்.

1520-இல் காஸ்டைல் நகரங்கள் பொங்கி எழுந்தன. அரசர் வெளியூர் ஆட்களுக்குப் பதவி கொடுக்கிறார், வரி மேல் வரி போடுகிறார் என்பது மக்களின் குறை. கிளர்ச்சிக்காரர்கள் தோர்தேசியாஸைப் பிடித்தார்கள். தேனியா பிரபுவைத் துரத்தினார்கள். அரசியார் அவர்கள் முன் நிதானமாகப் பேசினார். தந்தை இறந்ததைத் தமக்கு யாரும் சொல்லவில்லை என்றும், தம்மைச் சுற்றி இருந்தவர்கள் பொய்யே சொன்னார்கள் என்றும் வருந்தினார்.

அவர்களுக்கு வேண்டியது ஒரே ஒரு கையொப்பம். அது கிடைத்தால் கிளர்ச்சி சட்டபூர்வமான ஆட்சியாகிவிடும். சார்ல்ஸின் கதை காஸ்டைலில் முடிந்துவிடும். கெஞ்சினார்கள், மிரட்டினார்கள். அரசி இடவில்லை.

நம் தோட்டங்களில் அந்தக் காலத்துப் பாட்டிமார், கிராணியார் நீட்டிய தாளில் மை தொட்டுக் கைநாட்டு வைத்தார்கள். அதில் எழுதியிருப்பதைப் படிக்க அவர்களுக்குத் தெரியாது. ஹுவானாவுக்கு நன்றாகப் படிக்கத் தெரியும். தாள்கள் தமக்கு என்ன செய்தன என்பதும் தெரியும். மகனைக் கவிழ்க்க மனம் வரவில்லையா, அல்லது இவர்களும் தம் பெயரைத்தான் தேடி வந்தார்கள் என்று கண்டுகொண்டாரா? இரண்டும் இருந்திருக்கலாம் என்றே எனக்குத் தோன்றுகிறது. அவருக்கு மனநோய் இருந்ததா என்றும் கேட்பீர்கள். பல நாள் சாப்பிடாமலும் உடை மாற்றாமலும் கிடந்தது உண்மை. துயரம் முற்றிய நோயாகவே அது இருக்கலாம். ஆனால் நமக்குக் கிடைத்த செய்திகளில் பெரும்பகுதி காவல் காத்தவர்கள் எழுதியவை. சிறைக்காரரே மருத்துவச் சான்றிதழும் கொடுத்தால் எப்படி நம்புவது?

1520 டிசம்பர் 5-இல் அரச படை ஊரை மீட்டது. மறு ஆண்டு ஏப்ரலில் கிளர்ச்சித் தலைவர்கள் தலை வெட்டப்பட்டார்கள். மகனின் முடியைக் காப்பாற்றிக் கொடுத்த தாய்க்கு என்ன கிடைத்தது? தேனியா பிரபு திரும்பி வந்தார். கதவு மறுபடி சாத்தப்பட்டது.

1525-இல் கத்தலீனா போர்ச்சுக்கல் மன்னரை மணந்து போனாள். அன்று மலாக்காவை ஆண்டவர் அந்த மன்னர்தான். ஹுவானாவின் ஆறு பிள்ளைகளில் இருவர் பேரரசர்கள், நால்வர் அரசிகள். சார்ல்ஸ் இடையிடையே வந்து பார்த்தார், விடுவிக்கவில்லை.

1555 ஏப்ரல் 12, பெரிய வெள்ளிக்கிழமை. கால்களில் புண் பெருகி, எழுபத்தைந்து வயதில், அரசி அதே அரண்மனையில் கண்மூடினார். அன்றுதான் சார்ல்ஸ் காஸ்டைலின் தனி அரசரானார். ஒன்பதே மாதத்தில், 1556 ஜனவரியில், அந்த முடியைத் தம் மகனுக்குக் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொண்டார். அந்தப் பேரன் 1574-இல் பாட்டியின் உடலைக் கிரனாதாவுக்குக் கொண்டுபோனார். பிலிப்பின் பெட்டி முன்பே அங்கு போய்ச் சேர்ந்திருந்தது.