வாசலை மறித்து நின்ற டீச்சர்

எங்க குழுவுல கணக்கு நோட்டு எழுதுறவ நான். இந்த மலரில் கடல் கடந்த ஒரு டீச்சரைப் பற்றி எழுத ஆசைப்பட்டேன். அவரும் நம்மைப் போலப் பெண்களைக் கூட்டிச் சங்கம் வைத்தவர்தான்.

அவர் பெயர் ஹோவீதா இதார். 1885-இல் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில், லரேடோ என்ற எல்லை ஊரில் பிறந்தார். ஆற்றைத் தாண்டினால் மெக்சிகோ. வீட்டில் பேசியது ஸ்பானிய மொழி. 1903-இல் ஆசிரியர் சான்றிதழ் வாங்கி, லோஸ் ஒஹுவேலோஸ் என்ற சிற்றூரில் வேலைக்குச் சேர்ந்தார். அங்கே மெக்சிகோ வம்சாவளிப் பிள்ளைகளுக்குப் புத்தகம் பத்தல, உட்கார பெஞ்சும் பத்தல. தனி ஒருத்தியால் இதை மாற்ற முடியாது என்று கண்டு வேலையை விட்டார்.

பயந்து ஒதுங்கிட்டாங்கன்னு நினைக்காதீங்க. அப்பா நடத்திய 'லா குரோனிகா' பத்திரிகையில் சேர்ந்து, தம் மக்கள் படும் அநியாயங்களை எழுதினார். பிள்ளைகள் தாய்மொழியை மறக்கக் கூடாது என்றார். பெண்களுக்கு ஓட்டுரிமை வேண்டும் என்றார். 1911 அக்டோபரில் லரேடோவில் மெக்சிகோ பெண்கள் சங்கம் தொடங்கியபோது அவரே முதல் தலைவர். சங்கம் கையில் எடுத்த முக்கியமான வேலை, ஏழைப் பிள்ளைகளுக்கு இலவசப் படிப்பு. டீச்சராகத் தனியே முடியாததைச் சங்கமாகச் செய்யத் துணிந்தார்கள்.

1914-இல் 'எல் புரோக்ரெசோ' பத்திரிகையில் இருந்தார். எல்லைக்கு அமெரிக்கப் படை அனுப்பியதைக் கண்டித்து அதில் கட்டுரை வந்தது. அச்சகத்தை மூட டெக்சாஸ் ரேஞ்சர் படையினர் வந்தார்கள். ஹோவீதா வாசலை மறித்து நின்றார். அன்று திரும்பிப் போனவர்கள், பிறகு அவர் இல்லாத நேரம் பார்த்து வந்து அச்சு இயந்திரத்தை உடைத்தார்கள்.

இயந்திரம்தான் உடைஞ்சது. 1917-இல் திருமணமாகி சான் அன்டோனியோ நகருக்குப் போனவர், அங்கே சின்னப் பிள்ளைகளுக்கு இலவசப் பள்ளி நடத்தினார். ஆஸ்பத்திரியில் ஆங்கிலம் தெரியாத நோயாளிகளுக்கு மொழிபெயர்த்துச் சொன்னார். 1946-இல் காலமானார். 2023-இல் அமெரிக்க அரசு தன் 25 சென்ட் நாணயத்தில் அவர் உருவத்தைப் பொறித்தது.

வேலையை விட்டாரே தவிர, பிள்ளைகளை அவர் விடவில்லை. எனக்குப் பிடித்தது அதுதான். நாமும் கூட்டத்தில் சேமிப்பு, கடன், வட்டி எல்லாம் எழுதி முடித்ததும், தீர்மான நோட்டில் இன்னும் ஒரு வரி சேர்க்கலாமே: இந்த மாசம் நம்ம தெருவுல எந்தப் பிள்ளை பள்ளிக்கூடம் போகாம நின்னுச்சு, அதுக்கு நாம என்ன செய்யப் போறோம்?