மூழ்குபவள் என்று யாரைச் சொல்கிறோம்?

மலையடிவாரத்தில், ரமணாசிரமத்துக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு கடலின் வரலாற்றைப் படிக்கிறேன். குளிர்கடலில் ஸ்கூபா கற்பவர்கள் ட்ரைசூட் அணிகிறார்கள். கழுத்திலும் மணிக்கட்டிலும் இறுக்கி, தண்ணீரை வெளியே நிறுத்தும் உடை. பாம்பன் அருகே சின்னப்பாலத்துப் பெண்களுக்கு அந்த உடையும் இல்லை, காற்று உருளையும் இல்லை. கண்ணாடி மாட்டி, விரல்களில் துணி சுற்றி, மூச்சடக்கிக் கடல்பாசி எடுக்கிறார்கள்.

1986இல் மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் தேசியப் பூங்காவாயின. அதன்பின் அவர்களுடைய பிழைப்பே அத்துமீறல் ஆனது. அவர்களில் ஒருவரான லட்சுமி மூர்த்தி 2015இல் சீகாலஜி விருது பெற்றார். மறு ஆண்டே கொரியாவின் ஜேஜு தீவில் மூச்சடக்கி மூழ்கும் ஹேன்யோ பெண்களின் பண்பாட்டை யுனெஸ்கோ தன் பட்டியலில் சேர்த்தது.

நம் வரலாற்றில் முத்துக்குளித்த ஆண்களுக்கு இடமிருக்கிறது. இந்தப் பெண்களோ இன்னும் ‘பாசி பொறுக்குகிறவர்கள்’தான். அவர்கள் செய்வதும் முக்குளிப்புதான் என்று எழுதாதவரை அந்த வரலாறு பாதிதான்.