மூடி தொலைஞ்ச பேனா

எங்க அனகாபுத்தூருக்குப் பக்கத்துல, பல்லாவரம் வெள்ளிக்கிழமை சந்தையில பழைய இங்க் பேனா அப்பப்போ கண்ணுல படும். ஒண்ணுக்கு மூடி இருக்காது, இன்னொண்ணுக்கு நிப் இருக்காது. "பார்ட் கிடைக்குமா?"ன்னுதான் எல்லாரும் கேப்பாங்க. அதுக்கு முன்னாடி ஒரு கேள்வி இருக்கு: இந்தப் பேனா பெரிய தொழிற்சாலையில வந்ததா, லேத்துல ஒவ்வொண்ணா கடைஞ்சதா?

முதல்ல தொழிற்சாலை. அமெரிக்காவின் பார்க்கர் கம்பெனி 'பார்க்கர் 51' பேனாவை 1941-ல் விற்பனைக்குக் கொண்டுவந்தது. ஒரே அளவில் செஞ்ச பாகங்கள். அதனால இங்க நாம தேட வேண்டியது வெர்ஷன். பின்பக்கச் சின்ன மூடியைக் கழற்றினா அழுத்துற தண்டு தெரியுதா? அது வாக்குமேட்டிக், உள்ளே ரப்பர் சவ்வு இருக்கும். பேரலைக் கழற்றினா உலோக உறைக்குள்ள இங்க் பை இருக்கா? அது 1948-ல் வந்த ஏரோமெட்ரிக். ஒண்ணோட மை ஏத்துற பாகம் இன்னொண்ணுக்கு உதவாது. சரியான வெர்ஷன்ல உடைஞ்ச இன்னொரு பேனா கிடைச்சா, வேலை முடிஞ்சது. கிடைக்கலைன்னா, அந்தச் சவ்வை எந்த லேத்துலயும் கடைய முடியாது.

இப்போ நம்ம பக்கம். ராஜமுந்திரியில் கே.வி. ரத்னம் 1932-ல் சுதேசிப் பேனா செய்ய ஆரம்பிச்சார். அவரோட பேனா ஒண்ணு, தஞ்சாவூர்ல பிறந்த ஜே.சி. குமரப்பா மூலமா காந்தி கைக்குப் போச்சு. வெளிநாட்டுப் பேனாவுக்கு நல்ல மாற்றுன்னு காந்தி 1935-ல் நன்றிக் கடிதம் எழுதினார்.

இந்த மாதிரி நாட்டுப் பேனாக்கள்ல பல, எபோனைட்ங்கிற கடின ரப்பர் தண்டைக் கடைஞ்சு செஞ்சவை. இங்க் ஃபில்லரால பேரலுக்குள்ளேயே நேரா மை ஊத்தணும். பையும் இல்ல, சவ்வும் இல்ல. அதனால உளுத்துப் போறதுக்கும் ஒண்ணும் இல்ல. ஆனா கையால மரை வெட்டினதால, அதே கம்பெனியோட இன்னொரு மூடி பொருந்தும்னு உறுதி கிடையாது.

இங்க வெர்ஷன் தேடிப் பிரயோஜனமில்ல, அளவுதான் எடுக்கணும். மூடிக்கு: பேரல்ல மரை இருக்கிற இடத்தோட விட்டம், ஒரு மரைக்கும் அடுத்ததுக்கும் உள்ள இடைவெளி. நிப்புக்கு: அதுக்குக் கீழே இருக்கிற கறுப்புக் கட்டையோட தடிமன், அது நுழையிற துளையோட விட்டம். இதைக் கொடுத்தா, பேனா கடையத் தெரிஞ்சவர் புது மூடியே செஞ்சு தருவார். திருவள்ளூர்ல ரங்கா பேனாக்காரங்க இன்னும் எபோனைட் கடையிறாங்க.

ஒரு விஷயம். வெயிலும் ஈரமும் பட்டா கறுப்பு எபோனைட் பழுப்பாகிடும். பழுப்புப் பேரல் மேல பளபளன்னு கறுப்பு மூடி இருந்தா, அது பின்னாடி வந்ததா இருக்க வாய்ப்பு அதிகம். அதுல தப்பில்ல, விக்கும்போது மறைக்காம சொல்லிடுங்க.

கடையத் தெரிஞ்ச கைகள் இருக்கிற வரைக்கும்தான் இதெல்லாம் நடக்கும். அதனால தாத்தாவோட மேஜையில உடைஞ்ச பேரல் கிடந்தா குப்பையில போட்டுடாதீங்க. தொலைஞ்ச மூடிக்கு மிச்சமிருக்கிற ஒரே வரைபடம் அந்த மரைதான்.