உத்திரமேரூர்க் கல்வெட்டுகள்

காஞ்சிபுரம் மாவட்டத்தில் உள்ள உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவர்களில், முதலாம் பராந்தக சோழனின் 12, 14ஆம் ஆட்சியாண்டுகளில் (சுமார் பொ.ஆ. 919, 921) பொறிக்கப்பட்ட ஊர்ச் சபை விதிகள் உள்ளன. பாடநூல்கள் இவற்றைக் குடவோலைக்காக, அதாவது பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்திலிட்டு எடுத்துத் தேர்ந்தெடுக்கும் முறைக்காகப் போற்றுகின்றன. ஆனால் யாரைத் தேர்ந்தெடுப்பது என்பதைவிட யாரை விலக்குவது என்பதில்தான் இவற்றின் உயிர் இருக்கிறது. ஊரின் முப்பது குடும்புகளிலும் (பிரிவுகளிலும்) 35 வயதுக்கு மேல், 70 வயதுக்குள் இருப்போர் பெயரே ஓலையில் ஏறும். கடந்த மூன்று ஆண்டுகளில் வாரியம் (சபையின் குழுப் பொறுப்பு) செய்தவருக்கு இடமில்லை. பிறர் பொருளைக் கவர்ந்தவருக்கும் இல்லை. வாரியம் செய்து கணக்குக் காட்டாதவரோடு அவருடைய உறவினரும் தகுதி இழந்தனர். ஊழல் பணம் உறவினர் பெயரில் ஒளியும் என்பதை அறிந்தவர்கள் எழுதிய விதியாகவே இதைக் கொள்ளவேண்டும்.

இது நிலமுள்ள பிராமண ஆண்களின் சபை. உழுதவருக்கும் நெய்தவருக்கும் பெண்களுக்கும் அங்கே குரல் இல்லை என்று மறுப்போர் உண்டு. இந்த மறுப்பு முழுக்கச் சரி. ஆகவே இதை மக்களாட்சி என்று கொண்டாடுவது மிகை. எனினும் கணக்குக் கேட்கும் நெறி மட்டும் கொள்ளத்தக்கது. இன்று அந்த நெறி எல்லோருக்கும் விரிந்திருக்கிறது: 1994ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டத்தின் கிராம சபையில் ஊரின் வாக்காளர் அனைவரும் உறுப்பினர். 2005இன் தகவல் அறியும் உரிமைச் சட்டம் கோப்புகளையும் திறந்தது. கிராம சபைக்குப் பல் இல்லை என்பாரும் உண்டு. 2022இல் இதே மாவட்டத்தில் பரந்தூர் விமான நிலையத் திட்டம் அறிவிக்கப்பட்ட பின், அதற்கு நிலம் இழக்கும் ஏகனாபுரத்தின் கிராம சபை மீண்டும் மீண்டும் எதிர்த்துத் தீர்மானம் நிறைவேற்றியும் நில எடுப்பு நிற்கவில்லை. ஆயினும் அத்தீர்மானங்களால்தான், வயலையும் ஏரியையும் இழப்பவர்கள் சம்மதித்தார்கள் என்று எவரும் சொல்ல முடியவில்லை.