லங்கா தகனமும் 54 சதமும்

நுவரெலியாவிலிருந்து வெலிமடைப் பக்கம் போற பஸ்ஸில் ஏறினால், ஹக்கலை பூங்காவுக்குக் கொஞ்சம் முன்னாடி சீத்தா எலிய வரும். அங்கே சீதையம்மன் கோயில். ஆற்றோரப் பாறையில் இருக்கிற குழிகளைக் காட்டி, அனுமார் கால் பதித்த இடம் என்பார்கள். அந்தப் பக்கம் மண் கறுப்பாக இருப்பதற்கும் ஒரு காரணம் சொல்வார்கள்: அனுமார் வால்ல பத்த வச்ச நெருப்பு. சின்ன வயசில் நான் இதை அப்படியே நம்பினேன். மண்ணை அள்ளி மோந்து கூடப் பார்த்திருக்கிறேன்.

அதனால்தான் "லங்கா தகனம்" என்று ஒரு மௌனப் படம் இருக்கிறது என்று முதல்முதலாகப் படித்தபோது எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. 1917-ல் தாதாசாகேப் பால்கே எடுத்த படம். "ராஜா ஹரிச்சந்திரா" எடுத்தாரே, அதே ஆள். இதில் ராமராக நடித்தவரும் சீதையாக நடித்தவரும் ஒரே ஆள்தான்: அண்ணா சாளுங்கே. ஓட்டலில் சமையல் வேலை பார்த்தவர். அந்தக் காலத்தில் பொம்பளைகள் படத்தில் நடிக்க வரமாட்டார்கள் என்பதால், நாலு வருஷத்துக்கு முன்னால் பால்கே அவரைத் தாராமதி ஆக்கினார். இப்போது ராமர் வேஷமும் அவருக்கே. சீதைக்குப் புஜம் கொஞ்சம் பெரிசு. யாரும் கண்டுகொள்ளவில்லை. திரையில் ராமர் வந்ததும் சனம் செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டது என்று சொல்கிறார்கள். முழுப் படம் இப்போது இல்லை. சில நிமிடத் துண்டுதான் மிச்சம். தேடிப் பாருங்கள், அனுமார் பறக்கிற தந்திரக் காட்சி இன்றைக்கும் நல்லா இருக்கும்.

எங்க ஊர் எரியிற கதையை பம்பாய்க்காரர் படமாக எடுத்தார். அந்தக் காலத்துப் படமும் கூத்தும் நம்ம ஆட்கள் வரைக்கும் எப்படி வந்தது, எங்கே நின்றது? இந்தக் கட்டுரை அதைப் பற்றியதுதான்.

முதலில் கொழும்பு. நீராவிக் கப்பல் காலத்தில் ஐரோப்பாவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் நடுவில் கப்பல்கள் நிற்கிற துறைமுகம் அது. கப்பல் நின்றால் சர்க்கஸ்காரன், மேஜிக்காரன், பாட்டுக்காரி எல்லாரும் இறங்குவார்கள். மேற்கில் இந்த மாதிரி ஆட்கள் ஒன்றாகச் சேர்ந்து ஒரே ராத்திரியில் பத்து விதமான வித்தை காட்டுவதற்கு வோட்வில் என்று பேர். பாட்டு, டான்ஸ், குஸ்தி, நகைச்சுவை, நாய் வித்தை, எல்லாம் ஒரே டிக்கெட்டில். கல்கத்தாவை மையமாக வைத்து மோரிஸ் பான்ட்மன் என்ற முதலாளி இப்படிப்பட்ட கம்பெனிகளை இந்தியா, இலங்கை, பர்மா, சீனா வரைக்கும் சுற்ற விட்டார். பார்க்க வந்தவர்களில் பெரும்பாலானோர் வெள்ளைக்காரர்களும் வசதியான ஊர்க்காரர்களும்தான்.

இன்னொரு வழி பம்பாயிலிருந்து வந்தது. 1877-ல் எல்பின்ஸ்டன் என்ற பார்ஸி நாடகக் கம்பெனி கொழும்புக்கு வந்தது. திரைச்சீலை, ஹிந்துஸ்தானி மெட்டு, பளபள உடுப்பு. அதைப் பார்த்துத்தான் சிங்களத்தில் "நூர்த்தி" பிறந்தது. 1911 டிசம்பரில் மருதானையில் டவர் ஹோல் திறந்ததும் அந்த நாடகங்களுக்கு ஒரு வீடு கிடைத்தது. ஆனால் அந்த வீட்டுக்குள்ளேயே பிறகு சினிமா குடிவந்துவிட்டது.

இலங்கையில் முதல் படம் எப்போது காட்டினார்கள் என்று தேடினால் எல்லா இடத்திலும் ஒரே வாக்கியம் வரும்: 1901-ல் தேசாதிபதி வெஸ்ட் றிட்ஜ்வேக்கும் போயர் யுத்தக் கைதிகளுக்கும் காட்டப்பட்டது, படத்தில் போயர் யுத்த வெற்றி, விக்டோரியா மகாராணியின் இறுதி ஊர்வலம், ஏழாம் எட்வர்ட்டின் முடிசூட்டு விழா. நல்ல கதைதான். ஆனால் எட்வர்ட்டுக்கு முடிசூட்டியது 1902 ஆகஸ்டில்! 1901-ல் அதை எப்படிக் காட்டியிருக்க முடியும்? ஒருவர் எழுதியதை அடுத்தவர் அப்படியே எடுத்துப் போட்டால் இப்படித்தான் ஆகும். இருந்தாலும் அந்தக் கைதிகள் விஷயம் என்னை விடவில்லை. போயர் கைதிகளில் பெரும்பகுதி தியத்தலாவை முகாமில்தான் இருந்தார்கள். ஹட்டனிலிருந்து பதுளைக் கோச்சியில் போனால் வழியில் வருகிற அதே தியத்தலாவை. தோற்றவனைக் கூட்டி வந்து, அவன் தோற்றதையே அவனுக்குப் படமாகக் காட்டியிருக்கிறார்கள். பயாஸ்கோப் நம்ம நாட்டில் தொடங்கிய கதை இது.

அதற்குப் பிறகு கல்கத்தாவில் கூடாரத்தில் படம் காட்டத் தொடங்கிய ஜம்ஷெட்ஜி மதனின் கம்பெனி கொழும்பு வரைக்கும் தியேட்டர் வலை விரித்தது. மருதானை எல்பின்ஸ்டன் அவர்களுடையது. 1928-ல் சிற்றம்பலம் கார்டினர் சிலோன் தியேட்டர்ஸ் தொடங்கினார். அவர் தமிழர் என்பதை நம்மில் பல பேர் மறந்துவிட்டோம்.

சென்னைப் பக்கம் கதை இன்னும் கலகலப்பு. மவுண்ட் ரோட்டில் 1913-ல் எலக்ட்ரிக் தியேட்டர் வந்தது. அந்தக் கட்டடம் இன்றைக்கும் அண்ணா சாலை தபால் நிலைய வளாகத்துக்குள் இருக்கிறது, தபால்தலை விற்கிறார்கள். திருச்சியில் ரயில்வேயில் வேலை பார்த்த சாமிக்கண்ணு வின்சென்ட் 1905-ல் ஒரு பிரெஞ்சுக்காரரிடம் புரொஜெக்டரையும் படங்களையும் வாங்கி, கூடாரம் போட்டு ஊர் ஊராகப் போனார். ரகுபதி வெங்கையா என்ற போட்டோகிராபர், கிராமபோன் தட்டோடு சேர்த்து ஓடுகிற ஒரு மெஷினை வாங்கிக்கொண்டு இலங்கைக்கும் பர்மாவுக்கும் கூடப் போய்வந்தார். பிறகு மவுண்ட் ரோட்டில் கெயிட்டி தியேட்டரைக் கட்டினார். சென்னையில் இந்தியர் ஒருவர் கட்டிய முதல் தியேட்டர் அது.

மௌனப் படம் என்றதும் தியேட்டர் அமைதியாக இருக்கும் என்று நினைக்காதீர்கள். அங்கே அமைதியாக இருந்தது திரை மட்டும்தான். பெரிய தியேட்டரில் பியானோ, சின்னதில் ஹார்மோனியமும் தபேலாவும். படத்தின் நடுவில் எழுத்து அட்டைகள் வரும், பல மொழிகளில். வாசிக்கத் தெரியாத சனத்துக்காகத் திரைக்குப் பக்கத்தில் ஒரு ஆள் நின்று கதை சொல்வார். அவர் நல்ல பேச்சுக்காரராக இருந்தால் படம் ஓடும். பல இடங்களில் புரொஜெக்டர் ஒன்றுதான். ஒரு ரீல் சுமார் 15 நிமிஷம். முடிந்ததும் விளக்கைப் போட்டு அடுத்த ரீலை மாட்டவேண்டும். அந்த இடைவெளியில் சனம் கத்தாமல் இருக்கணுமே? அதற்காக மேடையில் ஒரு டான்ஸ், ஒரு குஸ்தி, ஒரு பபூன். மேற்கில் வோட்வில் மேடைக்குள் சினிமா ஒரு ஐட்டமாக நுழைந்தது. நம்ம பக்கம் சினிமாவுக்கு நடுவில் ஐட்டங்கள் நுழைந்தன. இன்றைக்கும் நம்ம படத்தில் கதைக்குச் சம்பந்தமே இல்லாமல் ஒரு பாட்டும் ஒரு காமெடி ட்ராக்கும் வருகிறதே, அதுக்கு வேர் எங்கே என்று கேட்டால் நான் இந்த ரீல் மாற்றும் இடைவெளியையும் ஸ்பெஷல் நாடக பபூனையும்தான் காட்டுவேன். (இதுக்கு என்னோடு சண்டை போட விரும்புகிறவர்கள் தாராளமாக வரலாம்.)

அந்தக் கலப்புக்கு ஒரு பேர் சொல்லணும் என்றால் ராஜா சாண்டோ. புதுக்கோட்டைக்காரர், சொந்தப் பேர் நாகலிங்கம். பிரஷ்யாவில் பிறந்த யூஜின் சாண்டோ என்ற பயில்வான், சங்கிலி அறுப்பதும் பாரம் தூக்குவதுமாக மேற்கத்திய மேடைகளில் பெரிய நட்சத்திரமாக இருந்தவர், 1904-05-ல் இந்தியாவுக்கும் வந்தார். அவர் பேர்தான் நம்ம நாகலிங்கத்துக்கு ஒட்டிக்கொண்டது. பம்பாய் மௌனப் படங்களில் கட்டுமஸ்தான கதாநாயகன், பிறகு சென்னையில் "அநாதைப் பெண்" மாதிரி சமூகப் படங்களின் இயக்குநர். கையில்லாத பனியனுக்கு சாண்டோ என்று பேர் வந்ததும் அந்தப் பயில்வானால்தான் என்று நினைக்கிறேன்.

இதெல்லாம் நகரத்துக் கதை. இப்போது கோச்சியில் ஏறுவோம்.

1914-ல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் நடுவில் கப்பல் ஓடத் தொடங்கியது. ரயிலும் கப்பலுமாக, போட் மெயில். சங்கரதாஸ் சுவாமிகள் காலத்து நாடகக்காரர்களுக்கு இலங்கைப் பயணம் அதனால் சுலபமாகியது. கே. பி. சுந்தராம்பாளும் எஸ். ஜி. கிட்டப்பாவும் ஒன்றாக மேடையேறியது 1926-ல் கொழும்பில்தான். அடுத்த வருஷம் கல்யாணம். அந்த ஜோடியின் பாட்டைக் கேட்கக் கூட்டம் அலைமோதியது.

அதே கடலைத்தான் நம்ம தாத்தா பாட்டிகளின் தாத்தா பாட்டிகளும் தாண்டி வந்தார்கள். ஆனால் அவர்களை முதலில் மண்டபம் முகாமில் தடுத்து வைத்து, நோய் இருக்கா என்று பார்த்து, பிறகுதான் ஏற்றினார்கள். தலைமன்னாரிலிருந்து வருகிற பாதை பொல்கஹவெலயில் பிரியும். நாடகக்காரர் கொழும்புக்கு இறங்குவார். கங்காணியோடு வந்த கூட்டம் கண்டி, நாவலப்பிட்டி, ஹட்டன் என்று மேலே ஏறும். ஹட்டனுக்கு ரயில் 1884-லேயே வந்துவிட்டது, நானுஓயாவுக்கு அடுத்த வருஷம். தேயிலைப் பெட்டி கொழும்புக்கு ஒரே நாளில் போய்ச் சேரும். பெட்டியை நிரப்பிய ஆளுக்கு அந்தச் சுலபம் இல்லை.

ஏன் என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 1921 வரைக்கும் "துண்டு" முறை இருந்தது. உன் கடன் எவ்வளவு என்று எழுதிய துண்டு இல்லாமல் தோட்டம் மாறமுடியாது. 1927-ல் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் வந்தது. அதன்படி மலைநாட்டில் ஒரு நாளைக்கு ஆம்பளைக்கு 54 சதம், பொம்பளைக்கு 43, பிள்ளைகளுக்கு 32. ஒரே கொழுந்து, ஒரே மலை, ஒரே மழை, ஆனால் 11 சதம் குறைவு. இதில் அரிசிக்கும் கங்காணிக் கடனுக்கும் போனது போக, கொழும்புக்கு ரயில் ஏறிப் போய் எல்பின்ஸ்டனில் டிக்கெட் எடுப்பது யாருக்கு முடியும்? துரைமாருக்கு நுவரெலியாவில் ஹில் கிளப் 1876-லிருந்து இருந்தது. லயத்துக்கு இருந்தது பெரட்டுக் களமும் காமன் பொட்டலும்.

காமன் பொட்டலை "பாவம், அதுதான் இருந்தது" என்கிற தொனியில் எழுதுகிறவர்களை எனக்குப் பிடிக்காது. மாசி அமாவாசைக்குப் பிறகு காமன் ஊன்றி, பௌர்ணமியை ஒட்டித் தகனம் வரைக்கும் ராத்திரி ராத்திரியாகத் தப்பும் லாவணிப் பாட்டும். ரதி, மன்மதன், தூதன், வீரபத்திரன், எமன். நடுநடுவே கோமாளி வந்து கங்காணியையும் கணக்கப்பிள்ளையையும் கிண்டல் பண்ணுவான். ரதியாக ஆடுகிறவரும் ஆம்பளைதான். அவருக்கும் புஜம் பெரிசாகத்தான் இருக்கும். பகலில் மட்டம் வெட்டுகிற ஆள் ராத்திரி மன்மதன். டிக்கெட் இல்லை, முன்வரிசை பின்வரிசை இல்லை. சென்னைத் தியேட்டர்காரன் காசு கொடுத்துக் கூட்டிச் சேர்த்த பாட்டு, ஆட்டம், சிரிப்பு, கதைசொல்லி எல்லாம் இங்கே ஏற்கனவே ஒரே இடத்தில் இருந்தது. ஒன்று மட்டும் சொல்லணும்: பொம்பளைகள் பார்த்தார்கள், அழுதார்கள், ஆடவில்லை.

அதனால்தான் மீனாட்சி அம்மாளை நான் இந்த வரிசையில் வைக்கிறேன். கோ. நடேசய்யர் 1931-ல் ஹட்டனில் தொழிற்சங்கம் தொடங்கியபோது, அவருடைய மனைவி மீனாட்சி அம்மாள் தோட்டங்களுக்குப் போய்த் தொழிலாளர் பாடு பற்றிய பாட்டுகளைப் பாடினார். நடேசய்யர் நாடகமும் எழுதினார். கூட்டத்தில் பேச்சைக் கேட்க எத்தனை பேர் வந்தார்களோ, ஒரு பொம்பளை எல்லாருக்கும் முன்னால் நின்று பாடுவதைக் கேட்க அதைவிடக் கூடுதலாக வந்திருப்பார்கள் என்பது என் ஊகம்.

கடைசியாக ஒரு படம். 1934-ல் தேயிலைப் பிரசார சபை காசு கொடுத்து, பாசில் ரைட் என்ற ஆங்கிலேயர் இலங்கைக்கு வந்து "சோங் ஒஃப் சிலோன்" எடுத்தார். உலக ஆவணப்பட வரலாற்றில் இதற்குப் பெரிய இடம். 1935-ல் பிரசல்ஸில் முதல் பரிசு. நம்ம தலைப்புக்கு இது ஏன் வருகிறது என்றால், இங்கே எடுத்தது முழுக்க மௌனமாகத்தான். சத்தம் எல்லாம் பிறகு லண்டனில் சேர்த்தது. மஸ்கெலியாப் பக்கத்திலிருந்து நாம் தினமும் பார்க்கிற சிவனொளிபாதமலை ஏற்றத்தோடு படம் தொடங்கும். கண்டிய நடனத்தோடு முடியும். பின்னணிக் குரல் லயனல் வென்ட். அவர் வாசிப்பது 17-ஆம் நூற்றாண்டின் ராபர்ட் நொக்ஸ் எழுதியது. மூன்றாவது பகுதியில் வியாபாரிகளின் குரல்கள், சந்தை விலைகள், கப்பல் விவரங்கள். அதற்கு அடியில்தான் தேயிலை வருகிறது. கொழுந்து எடுக்கிற பொம்பளைகளும் வருகிறார்கள். தேயிலைக் காசில் எடுத்த படத்தில் அவர்களுக்குக் கிடைத்தது கொஞ்ச நேரம். 1931-லேயே "காளிதாஸ்" வந்து தமிழ் திரையில் பேசத் தொடங்கிவிட்டது. இங்கே மட்டும் பேசவில்லை.

போன லீவில் வீட்டுக்குப் போனபோது அந்தப் பகுதியை போனில் அம்மாயிக்குப் போட்டுக் காட்டினேன். 60 வருஷத்துக்கு மேல் கொழுந்து எடுத்த கை. சின்ன வயசில் பெரட்டுக் களத்தில் வெள்ளை வேட்டி கட்டி எம்.ஜி.ஆர் படம் போட்டதையும், இடம் கிடைக்காமல் வேட்டிக்குப் பின்பக்கம் உட்கார்ந்து வாளை இடது கையில் பிடித்த எம்.ஜி.ஆரைப் பார்த்ததையும் அடிக்கடி சொல்வார். இப்போது கண்ணாடியை மேலே தூக்கிவிட்டு, போனைக் கிட்டத்தில் வைத்துப் பார்த்தார். காட்சி மாறி வியாபாரிக் குரல் தொடர்ந்தது.

"அந்த வெள்ளக்காரன் பேச்சக் கொற புள்ள," என்றார். "திருப்பிப் போடு. புள்ளைங்க மொகம் சரியாத் தெரியல."