மூக்கடைப்புக்கு ஒண்ணு குடுங்கண்ணே

இந்த எபிசோடை ரெக்கார்ட் பண்றப்போ என் மூக்கு ரெண்டு பக்கமும் திறந்திருக்கு. போன வருஷம் இதே நேரத்துல இதைச் சொல்லியிருக்க முடியாது.

எனக்கு டஸ்ட் அலர்ஜி. காலேஜ் ஹாஸ்டல்ல ஆரம்பிச்சது, ஆபீஸ் ஏசியில நிரந்தரமாயிடுச்சு. காலையில வரிசையா பத்துப் பன்னிரண்டு தும்மல், அப்புறம் நாள் முழுக்க மூக்கடைப்பு. இதுக்கு நான் டாக்டர்கிட்ட போனதே இல்லை. தெருமுனை மெடிக்கல்ல போய் "அண்ணே, மூக்கடைப்புக்கு ஒண்ணு குடுங்க"ன்னு சொல்வேன். அவரும் ஏதாவது ஒண்ணு வெட்டிக் குடுப்பார். ஒருநாள் மாத்திரைக்குப் பதிலா ஒரு சின்ன டிராப்ஸ் பாட்டில் குடுத்தார். ரெண்டு சொட்டு விட்டேன். ரெண்டே நிமிஷத்துல மூக்கு திறந்துச்சு. அதுக்கப்புறம் எட்டு மாசம் அந்த பாட்டில் இல்லாம நான் தூங்கவே இல்லை. தலையணைக்கு அடியில ஒண்ணு, லேப்டாப் பையில ஒண்ணு, ஊருக்குப் போனா பேன்ட் பாக்கெட்டுல ஒண்ணு. டப்பாவுக்குள்ள மடிச்சு வச்சிருந்த தாளை நான் பிரிச்சுக்கூடப் பாக்கலை.

அதைப் பிரிச்சுப் படிச்ச அன்னைக்குத்தான் இந்த எபிசோடுக்கான ஐடியா வந்தது. இவ்வளவு சாதாரணமா கவுன்ட்டர்ல கிடைக்குற மருந்துகள் அங்கே எப்படி வந்து சேர்ந்தன? வர்றதுக்கு முன்னாடி யார் அதைச் சோதிச்சுப் பார்த்தாங்க?

மூக்கு அலர்ஜியை முதன்முதலில் தெளிவாக எழுதி வைத்தவரே தனக்குத்தானே வைத்தியம் பார்த்துக்கொண்டவர்தான். லண்டன் டாக்டர் ஜான் போஸ்டாக், 1819-ல் மருத்துவச் சங்கத்தில் ஒரு கட்டுரை வாசித்தார். 46 வயது நோயாளி ஒருவர், எட்டு வயசுலேர்ந்து ஒவ்வொரு கோடையிலும் கண் அரிப்பு, தும்மல், மூச்சுத்திணறல். அந்த நோயாளி அவரேதான். ரத்தம் எடுத்துப் பார்த்தார், குளிர்ந்த தண்ணீரில் குளித்துப் பார்த்தார், அபின் சாப்பிட்டுப் பார்த்தார். ஒண்ணும் கேட்கலை. அடுத்த ஒன்பது வருஷத்தில், தன்னைப் போலவே கஷ்டப்படுகிற 28 பேரைத்தான் அவரால் கண்டுபிடிக்க முடிந்தது. மகரந்தம்தான் காரணம் என்று மான்செஸ்டர் டாக்டர் சார்லஸ் பிளாக்லி நிரூபித்துப் புத்தகம் போட 1873 ஆயிற்று.

காரணம் தெரிஞ்சதால மருந்து வந்துடலை. அடுத்து வந்தது கொகெய்ன். விளையாட்டுக்குச் சொல்லலை. 1880-களில் அமெரிக்காவில் மூக்கில் உறிஞ்சும் பொடிகளில் கொகெய்ன் இருந்தது. அது ரத்தக்குழாயைச் சுருக்கும். மூக்கு திறக்கும். திறந்ததோடு நிற்காது என்பதுதான் பிரச்சினை.

இங்கே ஒரு விஷயம். மூக்கடைப்புன்னா சளி அடைச்சிருக்குன்னு நாம நினைக்கிறோம். பெரும்பாலும் அப்படி இல்லை. மூக்குக்குள் இருக்கும் ரத்தக்குழாய்கள் விரிந்து, உள்சதை வீங்கி, காற்று போகும் வழி குறுகிவிடுகிறது. அதனாலதான் எவ்வளவு சிந்தினாலும் திறக்காது. அந்தக் குழாய்களைச் சுருக்கும் எதுவுமே மூக்கடைப்புக்கு மருந்துதான். நூறு வருஷமா கம்பெனிகள் தேடியது இதைத்தான்.

1930-களின் தொடக்கத்தில் ஸ்மித், க்ளைன் அண்ட் ஃப்ரெஞ்ச் என்ற அமெரிக்க கம்பெனி பென்செட்ரின் இன்ஹேலரைக் கொண்டுவந்தது. விரல் நீளத்துக்கு ஒரு குழாய், உள்ளே மருந்தில் ஊறிய மடிப்புக் காகிதம். மூக்கில் வைத்து இழுத்தால் போதும், மருந்துச் சீட்டு தேவையில்லை. உள்ளே இருந்த மருந்து ஆம்பெட்டமைன். ஒரு குழாயில் 325 மில்லிகிராம். பின்னாடி வந்த அதே மருந்தின் மாத்திரை 10 மில்லிகிராம்தான்.

ஜனங்க சும்மா இருப்பாங்களா? குழாயை உடைச்சு, காகிதத்தை உருட்டி, காபியோடு முழுங்க ஆரம்பிச்சாங்க. எழுத்தாளர் ஜாக் கெரோவாக் பென்செட்ரின் பழக்கத்துக்குப் பேர் போனவர். 1947-ல் வந்த ஒரு ஆய்வு, அமெரிக்க ராணுவச் சிறை ஒன்றில் ஏறக்குறைய கால்வாசிக் கைதிகள் இந்தக் காகிதத்தை முழுங்கியவர்கள் என்றது. 1949-ல் கம்பெனியே மருந்தை மாற்றியது. ஆம்பெட்டமைன் இன்ஹேலருக்கு மருந்துச் சீட்டு கட்டாயம் ஆனது 1959-ல்தான்.

இதுக்கு நடுவுலதான் என் கதையின் வில்லன் வர்றார். 1940-களின் தொடக்கத்தில் சுவிட்சர்லாந்தின் சீபா கம்பெனி பிரிவின் என்ற மூக்குச் சொட்டு மருந்தை விற்றது. உள்ளே நாஃபசோலின். போதை ஏறாது, வேகமா திறக்கும். சில வருஷத்திலேயே ஒரு புது வகை நோயாளி டாக்டர்களிடம் வர ஆரம்பித்தார். அலர்ஜி சீசன் முடிஞ்சும் மூக்கு அடைச்சே இருக்கு, மருந்து விட்டா மட்டும் திறக்குது, முதல்ல ஆறு மணி நேரம் தாங்கினது இப்போ ரெண்டு மணி நேரம்தான் தாங்குது. 1945-ல் ஃபெய்ன்பெர்க், ஃப்ரீட்லேண்டர் என்ற இரண்டு டாக்டர்கள் இதை எழுதினார்கள்: மூக்கை அடைப்பது மருந்தேதான். குழாய்கள் மருந்துக்குப் பழகிப்போய், அதன் வேகம் குறைந்ததும் முன்னைவிட அதிகமாக வீங்குகின்றன. வீங்கினதால் இன்னும் ரெண்டு சொட்டு. லாக் ஃபைலை அழிக்கிறதுக்குன்னு எழுதின ஸ்கிரிப்டே டிஸ்க்கை நிரப்புற மாதிரி.

இன்று நாம் வாங்கும் சைலோமெட்டாசோலினும், 1961-ல் ஜெர்மனியின் மெர்க் கம்பெனி உருவாக்கிய ஆக்சிமெட்டாசோலினும் நாஃபசோலினின் சொந்தக்காரங்கதான். 1945-ல் எழுதப்பட்ட விஷயம். எனக்குத் தெரிய எட்டு மாசம் ஆச்சு.

அலர்ஜிக்கென்றே வந்த ஆன்ட்டிஹிஸ்டமின் மருந்துகள் வேறு பாதை. 1937-ல் பாரிஸின் பாஸ்டர் இன்ஸ்டிடியூட்டில் டேனியல் போவேயும் ஆன்-மரி ஸ்டாப்பும் முதல் மருந்தைக் கண்டார்கள். போவேவுக்கு 1957-ல் நோபல் கிடைத்தது. அந்த வம்சத்தில்தான் நம்ம வீட்டு பீரோவில் இருக்கும் செட்ரிசினும் வருது. தும்மல், அரிப்பு, மூக்கொழுகல் மூணையும் நல்லா அடக்கும். அடைப்புக்கு மட்டும் சுமார்தான். அதனால கம்பெனிகள் மாத்திரையிலேயே அடைப்பு நீக்கியையும் சேர்க்கப் பார்த்தன.

முதலில் ஃபினைல்புரோபனோலமைன். மூளையில் ரத்தக்கசிவுக்கும் இதற்கும் தொடர்பு இருப்பதாக யேல் பல்கலைக்கழக ஆய்வு காட்டியதும், 2000-ல் அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. இதை நிறுத்தச் சொன்னது. இந்திய அரசு தடை அறிவித்தது 2011-ல். நடுவில் அந்தப் பதினோரு வருஷம் இங்கே கவுன்ட்டர்ல வாங்கினவங்கள்ல எங்க வீடும் உண்டு.

இன்னொன்று சூடோஎஃபிட்ரின். இது உண்மையிலேயே வேலை செய்யும். ஆனால் இதிலிருந்து மெத்தாம்பெட்டமைன் காய்ச்சலாம். அதனால் அமெரிக்கா 2006-ல் சட்டம் போட்டு, அடையாள அட்டை காட்டினால்தான் தரவேண்டும் என்றது. அலமாரியில் இடம் காலி. அந்த இடத்துக்கு வந்தது ஃபினைல்எஃப்ரின்.

ஒரு ஜலதோஷ மாத்திரை ஸ்ட்ரிப்பைத் திருப்பிப் பாருங்க. பாராசிட்டமால் 500, குளோர்பெனிரமைன் 2, ஃபினைல்எஃப்ரின் 10 மில்லிகிராம்னு பெரும்பாலும் இருக்கும். அந்த 10 எங்கேயிருந்து வந்தது? 1976-ல் எஃப்.டி.ஏ.வின் நிபுணர் குழு, கையில் இருந்த பழைய ஆய்வுகளைப் பார்த்து இது பாதுகாப்பானது, பயனுள்ளது என்றது. அந்த ஆய்வுகள் சின்னவை. சாதகமான முடிவுகளில் பல, ஒரே ஆய்வகத்திலிருந்து வந்தவை. ஃபுளோரிடா பல்கலைக்கழகத்தின் மருந்தியல் பேராசிரியர்கள் லெஸ்லி ஹெண்டலஸும் ராண்டி ஹட்டனும் பழைய தரவுகளைத் தோண்டி எடுத்து, 2007-ல் இதை மறுபடி பாருங்கள் என்று மனு போட்டார்கள். எஃப்.டி.ஏ. இன்னும் ஆய்வு வேண்டும் என்றது. 2015-ல் வந்தது ஒரு ஆய்வு: மகரந்த அலர்ஜி உள்ள 539 பேருக்கு 10 முதல் 40 மில்லிகிராம் வரை கொடுத்துப் பார்த்தார்கள். மருந்தே இல்லாத வெறும் மாத்திரையைவிட எந்த அளவும் மேலாக இல்லை. காரணமும் தெரிந்ததுதான். வாய்வழியாகப் போனால் குடலும் கல்லீரலும் இதை உடைத்துவிடுகின்றன. செயல்படும் நிலையில் ரத்தத்தில் சேர்வது ஒரு சதவீதத்துக்கும் குறைவு. இதே மருந்தை மூக்கில் ஸ்ப்ரே பண்ணினா வேலை செய்யும்.

2023 செப்டம்பரில் எஃப்.டி.ஏ.வின் ஆலோசனைக் குழு வாக்களித்தது. மாத்திரையாக இது பயன் தராது என்று 16 பேர். தரும் என்று ஒருவர்கூட இல்லை. அதற்கு முந்தின வருஷம் மட்டும் அமெரிக்காவில் இது 176 கோடி டாலருக்கு விற்றிருந்தது. 2024 நவம்பரில் பட்டியலிலிருந்து நீக்கலாம் என்று எஃப்.டி.ஏ. முன்மொழிந்தது. ஆபத்துன்னு இல்லை, வேலை செய்யலைங்கறதுக்காக.

இத்தனை வருஷம் சாப்பிட்ட நமக்கு ஏன் தெரியலை? கூட இருக்கும் பாராசிட்டமால் தலைவலியை எடுக்குது, குளோர்பெனிரமைன் தும்மலை அடக்கித் தூங்க வைக்குது, ஜலதோஷம் ஒரு வாரத்துல தானே போயிடுது. நாலு மாற்றத்தை ஒரே ரிலீஸ்ல போட்டா, எது வேலை செஞ்சதுன்னு எந்த டெவலப்பருக்குத் தெரியும்? போஸ்டாக் ஒவ்வொண்ணா சாப்பிட்டுப் பார்த்து, கேட்கலைன்னு எழுதியாவது வச்சார். நாம அதுவும் செய்யலை.

இந்தியாவில் 2023 டிசம்பரில், குளோர்பெனிரமைன், ஃபினைல்எஃப்ரின் கலவையை நாலு வயசுக்கு உட்பட்ட குழந்தைகளுக்குக் கொடுக்கக்கூடாது என்று லேபிளில் போடச் சொன்னது மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு. பெரியவங்க மாத்திரை அப்படியேதான் இருக்கு.

என் மூக்குக்கு வருவோம். கடைசியா ஒரு இ.என்.டி. டாக்டர்கிட்ட போனேன். எத்தனை மாசம்னு கேட்டார். எட்டுன்னேன். அவர் சிரிக்கலை. ஒரு ஸ்டீராய்டு ஸ்ப்ரே எழுதிக் குடுத்து, சொட்டு மருந்தை முதல்ல வலது பக்கம் மட்டும் நிறுத்துங்க, அது திறந்ததும் இடது பக்கம்னார். முதல் வாரம் ஒருக்களிச்சுப் படுத்து, பாதி மூக்குல மூச்சு விட்டுக்கிட்டு, ராத்திரி ரெண்டு மணிக்கு இந்த எபிசோடுக்குப் படிச்சேன்.

போன வாரம் அம்மாவுக்கு ஜலதோஷம். அதே மெடிக்கலுக்குப் போய், "அண்ணே, ஃபினைல்எஃப்ரின் இல்லாம ஏதாவது இருக்கா"ன்னு கேட்டேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கிட்டு நாலு ஸ்ட்ரிப்பை எடுத்து ஒவ்வொண்ணா திருப்பிப் பார்த்தார். மூணை உள்ளே வச்சார். நாலாவதை நீட்டி, "வெறும் பாராசிட்டமால்தான் தம்பி, பரவாயில்லையா?"ன்னு கேட்டார்.