பொதி வரவில்லை, தாலிக்கொடிதான் போனது

என் ஒன்றுவிட்ட அக்கா 2009இல் கணவரை இழந்தவர். முகநூலில் அறிமுகமான ‘லண்டன் டொக்டர்’ ஒருவர் மூன்று மாதங்களாகத் தினமும் ‘சாப்பிட்டீங்களா’ என்று விசாரித்தார். கலியாணம் செய்வதாகவும் சொன்னார். பிறகு நகையும் பவுண்ஸும் வைத்துப் பொதி அனுப்பியிருப்பதாக அறிவித்தார். மறுநாள் ‘சுங்கத்திலிருந்து’ ஒரு பெண் அழைத்துத் தீர்வை கட்டச் சொன்னார். முள்ளிவாய்க்காலிலும் கைவிடாத தாலிக்கொடியை அடகு வைத்து அக்கா கட்டினார். பிறகு வந்தது பொதியல்ல, அபராதம் கேட்டு இன்னோர் அழைப்பு.

வங்கிச் சிட்டையைப் பார்த்தேன். பணம் போயிருந்தது ஒரு தனிநபரின் கணக்குக்கு. சுங்கத் தீர்வையை எவரும் தனிநபர் கணக்கில் வைப்பிலிடச் சொல்லமாட்டார்கள்.

கவனிக்க வேண்டியவை:

• சுயவிவரப் படத்தைக் கூகுளில் தேடிப் பாருங்கள். வேறொருவரின் படமாக இருக்கலாம்.
• வீடியோ அழைப்பில் தெரியும் முகத்தையும் இப்போது போலியாக உருவாக்கலாம்.
• ‘வீட்டில் சொல்லாதீங்க’ என்றால் விலகிவிடுங்கள்.
• நேரில் காணாதவருக்குப் பணம், அடையாள அட்டை, அந்தரங்கப் படம் எதையும் அனுப்பாதீர்கள்.

அனுப்பிவிட்டீர்களா? அன்றைக்கே வங்கிக்கு அறிவியுங்கள். உரையாடலையும் சிட்டையையும் அழிக்காமல் பொலிஸில் முறையிடுங்கள். ஸ்ரீலங்கா சேர்ட்டின் 101 இலக்கத்திலும் ஆலோசனை கேட்கலாம். கட்டணம் வாங்கிக்கொண்டு பணத்தை மீட்டுத் தருவதாக வருபவர்களை நம்பாதீர்கள்.

அக்கா மூன்று வாரம் வாய் திறக்கவில்லை. ‘இந்த வயதில் இவளுக்கு ஏன் இது’ என்று ஊர் கேட்கும் என்ற பயம். அந்தப் பயத்தில்தான் இவர்களின் தொழில் நடக்கிறது. உங்கள் வீட்டில் யாராவது சொல்ல வந்தால், ஏசாமல் கேளுங்கள்.